விடுதியில் வளர்ந்த மொழியும் பல்கலைக்கழகமும்

தர்மபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் காதுகேளாத ஒரு பெண் பிளஸ் டூ தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். மேலே படிக்க அவளுக்கு என்ன வழி? பக்கத்து மொரப்பூரில் ரயில் ஏறலாம். ஒரு திசை வண்டி சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்று பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன, அடையாற்றில் செயின்ட் லூயிஸ் நிறுவனத்தின் கல்லூரி இருக்கிறது. மறு திசை வண்டியில் கோவை போய் இறங்கினால், பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷனின் பல்கலைக்கழக வளாகம். சிறப்புக் கல்விக்கும் சைகைமொழிப் பயிற்சிக்கும் பேர்போன இடம். இன்னும் தெற்கே, திருவனந்தபுரத்தில் 1997-இல் தொடங்கிய ‘நிஷ்’ நிறுவனத்தில் காதுகேளாதோருக்கென்றே கணினி அறிவியலும் நுண்கலையும் வணிகவியலும் பட்டப்படிப்புகளாக இருக்கின்றன.

ஆக, அவள் கணக்குப்பதிவியல் படிக்கலாம், கணினி படிக்கலாம். தன் கைகள் பேசும் மொழியை மட்டும் எளிதில் படிக்க முடியாது. தமிழ் இளங்கலை மாணவர்கள் தமிழைப் படிப்பதுபோல அந்த மொழியின் இலக்கணம், வட்டார வழக்கு, வரலாறு, அதில் சொல்லப்படும் கதைகள், அதைப் பேசும் சமூகத்தின் வாழ்க்கை என்று மூன்று வருடம் உட்கார்ந்து படிக்கும் வாய்ப்பு நம் பக்கத்தில் அரிதினும் அரிது. நம் உயர்கல்வியில் சைகைமொழி நுழைந்திருக்கும் கதவு வேறு. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றம்தான் சைகைமொழிபெயர்ப்பாளரைப் பதிவு செய்கிறது. காதுகேளாதோர் பள்ளி ஆசிரியருக்கான பி.எட். சிறப்புக் கல்வி என்ற பிரிவில் வருகிறது. மற்றவை செவித்திறன் அளவியல், பேச்சுப் பயிற்சி. இந்தப் படிப்புகள் எல்லாமே தேவை. ஆனால் எல்லாவற்றிலும் தொடக்கப்புள்ளி ஒன்றுதான்: ஒரு குறை, அதற்கு ஒரு சேவை. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளரை யாரும் மறுவாழ்வுப் பணியாளர் என்று வகைப்படுத்துவதில்லை.

சைகைமொழி பல்கலைக்கழகத்தின் மொழித்துறைக்குள் வராதவரை கீழே பள்ளிக்கூடத்தில் நடப்பதும் திருந்தாது என்பது என் வாதம். அதற்குக் கொஞ்சம் பழைய கதையிலிருந்து வரவேண்டும்.

இந்தியாவில் காதுகேளாதோர் பள்ளிகள் பம்பாயில் 1880-களிலும் கல்கத்தாவில் 1893-இலும் தோன்றின. தமிழ்நாட்டில் அந்தப் பெருமை பாளையங்கோட்டைக்கு. ஆங்கிலேய மிஷனரி ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் 1890-களில் அங்கே தொடங்கிய பள்ளி இன்று அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக இருக்கிறது. இந்தப் பள்ளிகள் முளைத்த காலம்தான் சைகைமொழிக்கு உலகமெங்கும் கெட்ட காலம். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காதுகேளாத குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. மாநாட்டில் இருந்தவர்களில் அநேகமாக எல்லாரும் காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானத்தின் நிழல் நம் ஊர்ப் பள்ளிகள்மேலும் நூறு வருடத்துக்குமேல் விழுந்தது. வகுப்பில் உதட்டைப் பார், தொண்டையில் கை வைத்து அதிர்வைப் பார், ‘ப’ சொல், ‘ம’ சொல். கை அசைந்தால் அதட்டல்.

மணி அடித்தபின் அதே குழந்தைகள் விடுதிக்குப் போனார்கள். அங்கே அவர்கள் கையை யாரும் கட்டிவைக்கவில்லை. மேல்வகுப்பு அக்காக்கள் சின்னவர்களுக்குக் கதை சொன்னார்கள், வம்பு பேசினார்கள், வார்டனுக்கு ஒரு அடையாளப் பெயர் வைத்தார்கள். ஜூன் மாதம் வீட்டில் கற்ற நாலைந்து சைகைகளோடு வந்து சேரும் ஆறு வயதுக் குழந்தை, பொங்கல் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது ஒரு முழு மொழியோடு திரும்பியது. மற்ற மொழிகள் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகின்றன. இந்த மொழி பெரும்பாலும் அக்காவிடமிருந்து தங்கைக்கு, விடுதித் திண்ணையிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் இறங்கியிருக்கிறது. அமெரிக்கக் கணக்குப்படி காதுகேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் பெற்றோர் காது கேட்பவர்கள். அந்தக் குழந்தைகளுக்கு வீடு மொழி தருவதில்லை. தங்களைப் போன்றவர்கள் கூடுகிற இடம்தான் தருகிறது. ஆசிரியர்கள் தடுத்ததை மாணவர்கள் தங்களுக்குள் வளர்த்துக் காப்பாற்றினார்கள். காதுகேளாதோரின் பண்பாட்டு வரலாறு என்று ஒன்று தமிழில் எழுதப்பட்டால் அதன் முதல் அத்தியாயம் விடுதிகளைப் பற்றித்தான் இருக்க முடியும்.

அறிவுலகம் இதைக் கவனிக்க வெகுநாள் ஆனது. நம் நாட்டில் முதல் முயற்சிகளில் ஒன்று 1928-இல் எச்.சி. பானர்ஜி என்ற ஆசிரியருடையது. வங்கப் பகுதியின் மூன்று பள்ளிகளின் சைகைகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். உலக அளவில் திருப்புமுனை 1960. வாஷிங்டனில் காதுகேளாதோருக்கென்றே இருக்கும் கலாடெட் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த வில்லியம் ஸ்டோக்கி, தன் மாணவர்கள் பேசும் சைகையைப் பிரித்துப் பார்த்தார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு என்று எண்ணிவிடக்கூடிய சில கூறுகளை மாற்றி மாற்றிக் கோத்தே ஆயிரக்கணக்கான சைகைகள் உருவாவதைக் காட்டினார். அதாவது, எழுத்தொலிகளால் சொற்கள் ஆவதைப் போன்ற அமைப்பு. கலாடெட் நிறுவனம் 1864-இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. அங்கேயும் தாங்கள் பேசுவது மொழி என்று நிரூபணமாக ஏறத்தாழ நூறு வருடம் பிடித்திருக்கிறது. காதுகேளாத ஒருவர் அதன் தலைவராக வர 1988-இல் மாணவர்கள் வாயிற்கதவை அடைத்துப் போராட வேண்டியிருந்தது.

ஸ்டோக்கியின் வழிவந்த ஆய்வு இந்தியாவுக்கு வந்தது 1977-இல். இமாசலப் பிரதேசத்துக் கிராமத்தில் பிறந்து, பதினோரு வயதில் கேட்கும் திறனை இழந்து, பின்னாளில் கலாடெட்டில் பேராசிரியரான மதன் வசிஷ்டா, அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்டு முதலியவர்களோடு சேர்ந்து தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களின் சைகைகளைச் சேகரித்தார். நான்கும் தனித்தனி மொழியாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, சொற்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று தெரிந்தது. ஜெர்மானிய மொழியியலாளர் உல்ரிக்கே செஷான் பின்னால் இலக்கணத்தைத் தேடிப் போனார். 2000-இல் வந்த அவர் நூல் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பேசப்படும் சைகைமொழிக்கு ஊருக்கு ஊர் சொல் வேறுபட்டாலும் இலக்கணம் பெரும்பாலும் ஒன்றே என்று காட்டியது. இந்தி, உருது, தமிழ், வங்காளம் என்று சுற்றிலும் பேசப்படும் மொழிகள் எதுவும் அதன் தாய் இல்லை.

அந்த இலக்கணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். இந்தியச் சைகைமொழியில் வினாவுக்குப் பொதுவான ஒரே சைகை உண்டு. அதை இடத்துக்கான சைகையோடு சேர்த்தால் ‘எங்கே’, நேரத்தோடு சேர்த்தால் ‘எப்போது’, முகத்தோடு சேர்த்தால் ‘யார்’, எண்ணோடு சேர்த்தால் ‘எத்தனை’. ஒரே ‘எ’கரத்தை வைத்துக்கொண்டு எங்கு, எப்பொழுது, எத்தனை, எவர் என்று கட்டும் தமிழருக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. இந்த வினாச் சைகை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஒரு செயல் முடிந்துவிட்டது என்று சொல்ல, வினைக்குப் பின் ‘முடிந்தது’ என்ற ஒரு சைகையை ஒட்டினால் போதும். நாம் ‘சாப்பிட்டாச்சு’, ‘போயாச்சு’ என்பதற்கு வெகு பக்கம்.

ஆனால் இந்த மொழியின் தனிப்பெரும் சொத்து எந்த வாய்மொழியிலும் இல்லை. அது வெளி. ஒருவர் தன் வலப்பக்கம் அம்மாவை நிறுத்துகிறார், இடப்பக்கம் டாக்டரை நிறுத்துகிறார். இனி பெயர் சொல்லத் தேவையில்லை. ‘கொடு’ என்ற சைகை வலமிருந்து இடம் போனால் அம்மா டாக்டருக்குக் கொடுத்தார். திரும்பி வந்தால் டாக்டர் அம்மாவுக்குக் கொடுத்தார். வேற்றுமை உருபு செய்கிற வேலையைத் திசை செய்கிறது. பேருந்து வளைவில் திரும்பி நிற்க, ஒரு பெரியவர் தள்ளாடி இறங்குவதைச் சொல்ல வேண்டுமா? ஒரு கை வண்டியாகி வளைந்து வந்து நிற்கும். மறு கையின் இரு விரல்கள் அவர் கால்களாகி அதே நொடியில் தயங்கித் தயங்கி இறங்கும். கன்னமும் புருவமும் அவர் சிரமத்தைச் சொல்லும். வாயால் சொன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டியவை இங்கே ஒரே சமயத்தில் வருகின்றன. புருவம் உயர்ந்தால் ஆம்-இல்லை வினா. தலையசைப்பு எதிர்மறை. முகபாவம் என்று நாம் நினைப்பதில் பாதி உண்மையில் இலக்கணம். இதை ஊமைச் சாடை என்று ஒதுக்கிய காலம் போகவேண்டும் என்றால், இதை வகுப்பறையில் கரும்பலகையில் எழுதி, வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பகுத்து நடத்த வேண்டும்.

மொழி என்பதற்கான சான்று மூளையிலும் கிடைத்துவிட்டது. இடப்பக்க மூளையில் பாதிப்பு ஏற்பட்ட சைகைமொழியாளர்கள் சைகையை இழந்தார்கள். வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் படம் வரைவது தடுமாறினாலும் சைகை இலக்கணம் குலையவில்லை. பாய்ஸ்னர், கிளைமா, பெலூகி மூவரும் 1987-இல் எழுதிய நூல் இதைச் சொன்னது. சைகை பேசும் பெற்றோருக்குப் பிறந்த காதுகேளாத குழந்தைகள் கையால் மழலை பேசுவதை லாரா ஆன் பெட்டிட்டோ 1991-இல் காட்டினார். நமக்கு இவற்றைவிட அவசரமானது ரேச்சல் மேபெரியின் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு: சிறுவயதில் ஒரு மொழி, அது சைகைமொழியானாலும் சரி, முழுமையாகக் கிடைத்தவர்கள் பின்னால் இன்னொரு மொழியை நன்றாகக் கற்கிறார்கள், எந்த மொழியும் கிடைக்காமல் வளர்ந்தவர்கள் பின்னால் எதைக் கற்றாலும் தடுமாறுகிறார்கள். சைகை கற்றால் பேச்சு வராமல் போய்விடும் என்று பெற்றோரைப் பயமுறுத்தும் பழைய அறிவுரைக்கு இது நேரெதிர்.

இந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு கம்பைநல்லூர் போன்ற ஊருக்குத் திரும்பிப் பார்த்தால் மனம் கனக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் கேட்டல் குறைபாடு உடையோர் சுமார் 50.7 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 2.2 லட்சம். இவர்களில் பலர் முதுமையில் கேட்கும் திறன் குறைந்தவர்கள்தான். ஆனால் ஒரு பேரூராட்சியிலும் அதன் சுற்றுக் கிராமங்களிலும் பிறவியிலேயே காதுகேளாத சில குழந்தைகள் நிச்சயம் இருப்பார்கள். முன்பு அவர்களைத் தூரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இப்போது உள்ளடக்கிய கல்வி என்ற நல்ல நோக்கத்தில் பக்கத்து அரசுப் பள்ளியிலேயே சேர்க்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கு இது பெரும் வரம். காதுகேளாத குழந்தைக்கு நாற்பது பேர் பேசும் வகுப்பில் தனியாக உட்கார்ந்திருப்பதாகவே முடிகிறது. சிறப்பு ஆசிரியர் அவ்வப்போது வந்து போவார். சைகை பேச இன்னொரு குழந்தை இருக்காது. விடுதி தந்த ஒரே பெரிய நன்மையான கூட்டம் இதில் போய்விட்டது. மீண்டும் எல்லாரையும் ஆறு வயதில் தாயிடமிருந்து பிரித்து விடுதிக்கு அனுப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரிக்காமலே அந்த மொழிக் கூட்டத்தை எப்படித் தருவது என்று யோசிக்கவேண்டிய ஆராய்ச்சித் துறை எங்கே இருக்கிறது?

உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவி வந்துவிட்டதே என்று கேட்பார்கள். தமிழக அரசு காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுவது நாட்டுக்கே முன்னோடி. கருவி பொருத்தியபின் வருடக்கணக்கில் பயிற்சி வேண்டும், பேட்டரியும் பழுதுபார்ப்பும் வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு தாய் எத்தனை முறை நகரத்துக்குப் பேருந்து ஏறுவார்? இந்தியாவில் இந்தக் கருவியைச் சுற்றி உருவான அமைப்புகளைப் பற்றி 2022-இல் நூல் எழுதிய மானுடவியலாளர் மிஷெல் ஃபிரீட்னர் தாமே இம்பிளாண்ட் பொருத்தியவர், சைகைமொழியும் பேசுபவர். கருவியா சைகையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே பெற்றோருக்கு இழைக்கும் அநீதி என்று தோன்றுகிறது. இரண்டையும் கொடுப்பதில் குழந்தைக்கு நஷ்டமில்லை.

இன்னொரு சலுகையைப் பற்றியும் பேசவேண்டும். நம் பொதுத்தேர்வுகளில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. கருணையில் பிறந்த ஏற்பாடு. அதனால் ஆயிரக்கணக்கானோர் தேறியிருக்கிறார்கள். ஆனால் அதன் உள்ளே ஒரு ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது: இந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டு வருடத்தில் மொழி தர எங்களால் முடியவில்லை, ஆகவே மொழியைக் குறைத்துக்கொள்கிறோம். விலக்குக்குப் பதிலாகச் சைகைமொழியையே மதிப்பெண்ணுள்ள மொழிப்பாடமாக வைத்தால் என்ன? தேசியத் திறந்தநிலைப் பள்ளி 2021-இல் இந்தியச் சைகைமொழியை ஒரு பாடமாகக் கொண்டுவந்துவிட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கை மீது தமிழ்நாட்டுக்கு நியாயமான பல சண்டைகள் உண்டு. அதில் சைகைமொழியைத் தரப்படுத்திப் பாடநூல் உருவாக்க வேண்டும், வட்டாரச் சைகைமொழிகளையும் மதிக்க வேண்டும் என்று இருக்கும் வரியோடு சண்டை போடத் தேவையில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சைகைமொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லிவிட்டது. ஆசிரியருக்கு ஆசிரியர் யார்?

மொழி சரி, பண்பாடு என்று தனியாக என்ன இருக்கிறது என்ற கேள்வி அடுத்து வரும். கேட்கும் திறன் இல்லாமை என்ற உடல்நிலை ஒன்று, சைகைமொழிச் சமூகத்தின் உறுப்பினராக இருப்பது வேறொன்று என்று 1972-இல் பிரித்துச் சொன்னவர் உட்வர்டு. சில ஆண்டுகள் கழித்து இந்திய நகரங்களில் சைகை சேகரிக்க வந்த அதே உட்வர்டுதான். பிறகு கரோல் பேடன், டாம் ஹம்பிரீஸ் 1988-இலும், பிரிட்டனின் பேடி லாட் 2003-இலும் எழுதிய நூல்கள் இந்தத் துறைக்கு அடித்தளமாயின. மூவருமே காதுகேளாதவர்கள்.

சென்னையிலோ சேலத்திலோ காதுகேளாதோர் சங்கக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒருவரைக் கூப்பிடத் தோளைத் தொடுவார்கள், தூரத்தில் இருந்தால் விளக்கை அணைத்து ஏற்றுவார்கள். கைதட்டலுக்குப் பதில் தூக்கிய இரு கைகள் படபடக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. கன்னத்து மச்சமோ சுருட்டை முடியோ நெற்றித் தழும்போ அதில் இருக்கும். அதைச் சமூகம்தான் வைக்கும், தானே வைத்துக்கொள்ள முடியாது. நீ குண்டாகிவிட்டாய் என்பதை முகத்துக்கு நேரே சொல்வார்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கூட்டம் முடிந்தும் வாசலில், தெருவிளக்கு வெளிச்சத்தில் பேச்சு நீண்டுகொண்டே போகும். வாரம் முழுக்க வீட்டிலும் வேலையிடத்திலும் பேச ஆளில்லாதவர்கள் அவர்கள்.

தர்மபுரிக்காரர்கள் பிழைப்புக்குப் போகும் பெங்களூரில்தான் இந்தியாவின் முக்கியமான காதுகேளாதோர் பண்பாட்டு ஆய்வு நடந்தது. ஃபிரீட்னரின் முந்தைய நூல் (2015) அங்கே காபிக்கடைகளிலும் தேவாலயங்களிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் காதுகேளாத இளைஞர்களோடு பழகி எழுதப்பட்டது. வேலை கிடைக்காமல் ஒரு பயிற்சியிலிருந்து இன்னொரு பயிற்சிக்கு அவர்கள் சுற்றுவதை அது காட்டுகிறது. அதே நேரம், அங்கே சந்திக்கும் நண்பர்களோடு ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து வளர்வதையும் காட்டுகிறது. அந்த இளைஞர்களில் தமிழ் வீடுகளிலிருந்து போனவர்களும் இருந்திருக்கக்கூடும். தமிழில் இப்படி ஒரு நூல் எழுத நம் சமூகவியல் துறைகள் முன்வர வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இது முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009-இல் இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ‘பயன்பாட்டுச் சைகைமொழி ஆய்வு’ என்ற பி.ஏ. படிப்பைத் தில்லியில் தொடங்கியது. பின்னணியில் செஷான் இருந்தார். பாடம் சைகைமொழியிலேயே நடந்தது. காதுகேளாத மாணவர்கள் இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தார்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக்கொண்டே குறிப்பெடுக்க முடியாது என்பது காதுகேளாத மாணவரின் தினசரி அவதி. குனிந்து ஒரு வரி எழுதுவதற்குள் ஒரு கருத்து போய்விடும். ஆசிரியரே சைகையில் பேசும் வகுப்பில் அவர் மாணவர் குனிந்தால் நிறுத்துவார், நிமிர்ந்தால் தொடர்வார். இந்தச் சிறிய மாற்றம் ஒரு மாணவரை எவ்வளவு நிமிர வைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2011-இல் அதே பல்கலைக்கழகத்தின் கீழ் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டே வருடத்தில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது, பட்டப்படிப்பும் நீடிக்கவில்லை. நாடெங்கும் காதுகேளாதோர் சங்கங்கள் தெருவுக்கு வந்து போராடின. 2015 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மையத்தைத் தனிச் சங்கமாக அமைக்க ஒப்புதல் தந்தது. அது உருப்படியாக வேலை செய்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018-இல் 3,000 சொற்களோடு வந்த அதன் வீடியோ அகராதி, 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பட்டயம், காதுகேளாதவர்களே சைகைமொழி ஆசிரியராவதற்கு ஒரு பட்டயம் என இரண்டு படிப்புகளை நடத்துகிறது. மொழிபெயர்ப்பாளர் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் பார்த்துவிட்டோம்: 2023 செப்டம்பரில் காதுகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி மொழிபெயர்ப்பாளர் உதவியோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார். ஆனால் பி.ஏ. இருந்த இடத்தில் பட்டயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மறுவாழ்வுக் கதவு மறுபடி திறந்தது, மொழித்துறைக் கதவு திறக்கவில்லை.

பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? கல்லூரியில் உதவிப் பேராசிரியராக முதுகலையும் நெட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். சைகைமொழியை உயிராகப் பேசும் காதுகேளாத ஆசிரியரிடம் இருப்பது பட்டயம். எனவே அவர் பல்கலைக்கழகத்தில் தகவலாளியாக, தற்காலிகப் பயிற்றுநராக நிற்பார். அவர் மொழியைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பதவி உயர்வு பெறுபவர் காது கேட்பவராக இருப்பார். தமிழ் தெரியாதவர்கள் மட்டுமே தமிழ்த்துறையை நடத்தினால் நாம் பொறுத்துக்கொள்வோமா? இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நூல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. துறை அனுபவம் மிக்கவர்களைப் பட்டத் தகுதி பார்க்காமல் பேராசிரியராக அமர்த்த 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு வழி வகுத்தது. தொழிலதிபர்களுக்கும் அதிகாரிகளுக்கும் என்று நினைத்துச் செய்ததாக இருக்கலாம். முப்பது வருடம் பள்ளியிலும் சங்கத்திலும் சைகைமொழி கற்பித்த ஒருவரைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

தரப்படுத்தல் பற்றியும் ஒரு கவலை. அகராதி வேண்டும், பாடநூலுக்குப் பொதுச் சொல் வேண்டும். ஆனால் தில்லியில் பதிவான சொல்லே சரி, பாளையங்கோட்டை விடுதிச் சொல் தப்பு என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் நாள் வந்துவிடக் கூடாது. கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் அலிப்பூர் என்ற கிராமம் இருக்கிறது. உறவுத் திருமணங்களால் தலைமுறை தலைமுறையாகக் காதுகேளாதோர் பிறந்த அந்த ஊரில், காது கேட்கும் அண்டைவீட்டாரும் பேசும் தனிச் சைகைமொழி ஒன்று தானாகவே உருவானது. காதுகேளாத மொழியியலாளர் சிபாஜி பாண்டா அதைப் பதிவு செய்தார். இளையவர்கள் வெளியூர்ப் பள்ளிகளிலிருந்து கொண்டுவரும் இந்தியச் சைகைமொழி இப்போது அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. உறவுத் திருமணம் நம் மாநிலத்திலும் அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் சுமார் 28 விழுக்காடு. இரண்டு மூன்று தலைமுறை காதுகேளாதோர் உள்ள குடும்பங்கள் தமிழ்நாட்டில் எங்கெங்கே உள்ளன, அவர்கள் வீட்டுக்குள் பேசும் சைகை எப்படி இருக்கிறது என்று மொழியியலாளர்கள் போய்ப் பார்க்க வேண்டும். கணேஷ் தேவியின் இந்திய மக்கள் மொழிக் கணக்கெடுப்பு சைகைமொழிகளுக்கென்று ஒரு தனித் தொகுதியையே ஒதுக்கியது. அந்த மரியாதையைத் தமிழ்நாட்டுக்குள் மாவட்டவாரியாக விரிக்கலாம்.

தர்மபுரியில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையம் இருக்கிறது, அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது, செவித்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளியும் இருக்கிறது. ஒரு துறையைத் தொடங்கக் கட்டடம் கட்டத் தேவையில்லை. தமிழ், ஆங்கில முதுகலையில் மொழியியல் தாள் ஏற்கெனவே உண்டு. அதில் ஓர் அலகு சைகைமொழிக்கு ஒதுக்கினால் போதும், காதுகேளாத ஒருவர் வந்து நடத்தினால் போதும். ஆய்வுக் கருவிகளும் எட்டாத விலையில் இல்லை. நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இலவசமாகத் தரும் ‘ஈலன்’ என்ற மென்பொருளில் வீடியோவை ஏற்றி, வலக்கை ஒரு வரி, இடக்கை ஒரு வரி, புருவம் ஒரு வரி என்று நொடி நொடியாகக் குறிக்கலாம். பொறுமை வேண்டிய வேலை. கல்லூரியில் இதைக் கற்கும் காதுகேளாத மாணவர், பக்கத்தில் அமரும் காது கேட்கும் மாணவரைவிட வேகமாகச் செய்வார். முதல் முறையாக வகுப்பில் அவர் கையே மேலோங்கியிருக்கும்.

யாரைப் பதிவு செய்வது என்பதில் தாமதம் கூடாது. அறுபது வயதைத் தாண்டிய காதுகேளாதவர்கள் தொலைக்காட்சியும் வீடியோ அழைப்பும் அகராதியும் வருமுன் சைகை கற்றவர்கள். கேழ்வரகுக் களிக்கு, புளியம்பழம் உலுக்குவதற்கு, மாங்காய்க் குத்தகைக்கு, மாரியம்மன் திருவிழாவுக்கு அவர்கள் என்ன சைகை வைத்திருக்கிறார்கள் என்பதைத் தில்லி அகராதியில் தேட முடியாது. அவர்களை உட்காரவைத்துப் படம் பிடிக்கும்போது எதிரே அமர்ந்து பேசுபவரும் காதுகேளாதவராக இருக்க வேண்டும். காது கேட்பவர் எதிரே இருந்தால் அவர்கள் எளிமைப்படுத்திப் பேசிவிடுவார்கள். பதிவு எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதைச் சைகையிலேயே விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். செலவழித்த நாளுக்கு அன்றைய வேலைக்கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவுகளின் ஒரு பிரதி மாவட்டத்தின் காதுகேளாதோர் சங்கத்திடம், அவர்கள் பெயரிலேயே இருக்க வேண்டும்.